ஷீட் ஃபிலிம்: தேர்விலிருந்து டெவலப் வரை

ரோல் ஃபிலிமில் 36 படம் எடுத்தால், அந்த 36 படமும் ஒரே டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) ஒரே நேரம்தான் ஊறும். ஷீட் ஃபிலிமில் ஒவ்வொரு படமும் தனித் துண்டு. ஒன்றை 9 நிமிடமும் அடுத்ததை 14 நிமிடமும் டெவலப் செய்யலாம். லார்ஜ் ஃபார்மட்டின், அதாவது இந்தப் பெரிய ஷீட்டுகளில் எடுக்கும் முறையின், பெரிய லாபம் இதுதான். ஆனால் ஒவ்வொரு ஷீட்டையும் இருட்டில் கையால் எடுத்து, ஹோல்டரில் (ஃபிலிமை ஒளி படாமல் வைத்துக் கேமராவில் பொருத்தும் தட்டையான உறை) செருகி, மறுபடி இருட்டில் வெளியே எடுக்க வேண்டும். வீணாகும் ஷீட்டுகளில் பெரும்பகுதி கேமரா முன்னால் வீணாவதில்லை, இருட்டறையில்தான் வீணாகிறது. ஆகவே கீழே இருட்டு வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறது.

எந்த அளவு

4×5 அங்குலத்தில் தொடங்குங்கள். 8×10 அங்குலத்துக்குப் பரப்பு நான்கு மடங்கு. ஃபிலிம் செலவும் ரசாயனச் செலவும் கிட்டத்தட்ட அதே கணக்கில் ஏறும். 4×5-க்கு 150 மி.மீ. லென்ஸ் சாதாரணப் பார்வையைத் தரும், 8×10-க்கு அதே பார்வைக்கு 300 மி.மீ. வேண்டும். லென்ஸ் நீண்டால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் குறையும், அதை ஈடுகட்ட லென்ஸ் துளையை எஃப் 45 வரை சுருக்க வேண்டிவரும், எக்ஸ்போஷர் (ஒளி விழும் நேரம்) நீளும்.

பழைய ஐரோப்பியக் கேமராவை வாங்குகிறவர்கள் ஹோல்டரை முதலில் பாருங்கள். 9×12 செ.மீ. ஹோல்டரும் 4×5 ஹோல்டரும் ஒன்றல்ல. 4×5 ஃபிலிம் சுமார் 10×12.5 செ.மீ.; அதில் நுழையாது. கண்ணாடித் தகட்டுக்காகச் செய்த ஹோல்டர் என்றால், ஃபிலிமைப் பிடித்து நிறுத்தும் உலோகச் சட்டமும் தனியாக வேண்டும்.

எந்த ஃபிலிம்

முதல் பெட்டி இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், ஐ.எஸ்.ஓ. 400. "பெரிய ஃபிலிமில் எதற்கு வேகமான ஃபிலிம், 100 போதாதா?" என்று பலர் கேட்பதுண்டு. கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் எஃப் 32-ல் ஐ.எஸ்.ஓ. 400-க்கு 1/100 நொடி. ஐ.எஸ்.ஓ. 100-க்கு 1/25 நொடி. மேகம் எடுபட ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் இரண்டு ஸ்டாப் போய்விடும் (ஒளி கால் பங்காகும்), 1/6 நொடிக்கு இறங்குவீர்கள். அதற்குள் இலை அசைந்துவிடும். கிரெயின் (படம் மணல் மணலாகத் தெரிவது) பற்றிக் கவலை வேண்டாம்: 16×20 அங்குலப் பிரிண்ட் என்பது 4×5 நெகட்டிவ்வுக்கு வெறும் நான்கு மடங்கு பெரிதாக்கல்தான்.

அசையாத பொருள், கட்டடம், சுவர் என்று எடுப்பவர்களுக்கு எஃப்பி4 பிளஸ் (125) நல்ல தேர்வு. டெவலப் நேரத்தைக் கூட்டினால் கான்ட்ராஸ்ட் சீராக ஏறும்.

செக் நாட்டு ஃபோமாபான் 100 விலை குறைவு. பழகுவதற்கு நல்லது, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். ஈரத்தில் அதன் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) மென்மையானது, நகம் பட்டால் கீறல் நிற்கும். நீண்ட எக்ஸ்போஷரில் வேகம் பாதாளத்துக்குப் போகும் (கணக்கு கீழே). நிழல் விவரம் முக்கியம் என்றால் அதை 50 என்று வைத்து மீட்டர் பார்ப்பவர்களே அதிகம்.

கோடக் டி-மேக்ஸ் 100 நீண்ட எக்ஸ்போஷருக்கு அருமையான ஃபிலிம். ஆனால் டெவலப் நேரமும் வெப்பமும் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் வரும் வீட்டில் இது முதல் ஃபிலிம் அல்ல.

இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் பகல் வெளிச்சத்தில் 80, குண்டு பல்பு வெளிச்சத்தில் 40. சிவப்பு நிறத்தைப் பார்க்காது. அடர்சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே லோடு செய்யலாம், டெவலப்பும் செய்யலாம். உதடும் செங்கல்லும் கருத்து வரும் என்பதை மறக்காதீர்கள்.

மிக மலிவான வழி எக்ஸ்ரே ஃபிலிம். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் அதைத் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. இன்று மருத்துவப் பொருள் கடையில் கேட்டால் பெரும்பாலும் டிஜிட்டல் பிரிண்டருக்கான உலர் ஃபிலிமைத்தான் தருவார்கள். அது கேமராவுக்கு உதவாது. டெவலப்பரில் கழுவும் பழைய வகை, பச்சை ஒளிக்கு உணர்வுள்ளது என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் எமல்ஷன் இருக்கும், எந்தப் பக்கம் உரசினாலும் கீறும். ஒளி எதிரொளிக்காமல் தடுக்கும் பின்பூச்சு இல்லாததால் ஜன்னல், விளக்கு போன்ற பளிச்சிடும் இடங்களைச் சுற்றி ஒளி பரவும்.

கலர் ஃபிலிமுக்கு அவசரம் வேண்டாம். நெகட்டிவ் என்றால் போர்ட்ரா 160, ஸ்லைடு என்றால் எக்டாக்ரோம். ஸ்லைடு அரை ஸ்டாப் தவறைக்கூட மன்னிக்காது. இரண்டுக்கும் 38 டிகிரியில் டெவலப் செய்ய வேண்டும். கறுப்பு-வெள்ளையில் நூறு ஷீட் தாண்டிய பிறகு யோசிக்கலாம்.

ஹோல்டரில் ஏற்றுவது

ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் முந்தின நாள் இரவே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த பெட்டியை ஈரக்காற்றில் திறந்தால் ஷீட்டுகளின் மேல் நீர் படிந்து ஒன்றோடொன்று ஒட்டும்.

ஒரு ஷீட்டைத் தியாகம் செய்துவிடுங்கள். வெளிச்சத்தில் அதை வைத்து இருபது முறை ஏற்றி இறக்கிப் பழகி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை. இந்த ஒரு ஷீட் பின்னால் பத்து ஷீட்டைக் காப்பாற்றும்.

தூசிதான் முதல் எதிரி. ஃபிலிமின் மேல் தூசி உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஒளி படாது, நெகட்டிவ்வில் வெற்றுப் புள்ளியாகவும் பிரிண்ட்டில் கறுப்புப் புள்ளியாகவும் வரும். வெள்ளைப் புள்ளியைத் தொட்டு மறைக்கலாம், கறுப்புப் புள்ளியை மறைப்பது பெரும்பாடு. டார்க் ஸ்லைடை (ஹோல்டரில் ஃபிலிமை மூடும் உருவு தகடு) முழுக்க உருவி, ஹோல்டரின் மூலைகளையும் ஸ்லைடு நுழையும் வாயையும் மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். அறையின் தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். விசிறி இல்லாமல் வியர்க்கும், வியர்வை விரல் எமல்ஷனில் ரேகை பதிக்கும். அதனால் வெயில் ஏறும் முன், விடியற்காலையில் ஏற்றுவது நல்லது. துணிப்பைக்குள் கைவிட்டு ஏற்றுபவர்களுக்கு வியர்வைத் தொல்லை இன்னும் அதிகம். அறை கிடைத்தால் அறையே மேல்.

விளக்கை அணைக்கும் முன் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். ஹோல்டர்கள் இடப்பக்கம், டார்க் ஸ்லைடுகள் பாதி உருவிய நிலையில். ஃபிலிம் பெட்டி வலப்பக்கம். அதன் மூடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இருக்கும், கழற்றும் வரிசையிலேயே அடுக்குங்கள். விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகு கதவிடுக்கில் கீற்று தெரிந்தால் அடைத்துவிட்டுத் தொடருங்கள். சாதாரண ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் வெளியே விட்டுவிடுங்கள்.

ஷீட்டின் குட்டையான ஓரத்தில், ஒரு மூலையை ஒட்டி, சிறிய வெட்டுக்குறிகள் இருக்கும். ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, குறிகள் மேல்பக்கம் வலது மூலையில் வந்தால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபிலிமுக்கும் குறியின் வடிவம் வேறு, இருட்டில் ஃபிலிமை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான்.

ஹோல்டரின் மடக்கு முனையை உங்கள் பக்கம் வைத்து, ஷீட்டை எமல்ஷன் மேலாக, வெட்டுக்குறி உங்களை ஒட்டி இடது மூலையில் வருமாறு பிடித்துத் தள்ளுங்கள். இரண்டு பக்கத் தண்டவாளங்களுக்கும் அடியில் ஷீட் வழுக்கிப் போக வேண்டும். டார்க் ஸ்லைடு போகும் பள்ளம் அதற்கு மேலே இன்னொன்று, ஷீட் அதில் ஏறிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சோதிக்க, ஷீட்டின் பக்க ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க வந்தால் தண்டவாளத்துக்கு வெளியே இருக்கிறது. கடைசியில் மடக்கு தானாகப் படிய வேண்டும், அழுத்தி மூட வேண்டியிருந்தால் ஷீட் முழுதாக உள்ளே போகவில்லை.

டார்க் ஸ்லைடின் பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளைப் பக்கத்தில் தடவினால் தெரியும் புள்ளிகள் இருக்கும். வெள்ளை வெளியே இருந்தால் எடுக்காத ஃபிலிம், கறுப்பு வெளியே இருந்தால் எடுத்தாகிவிட்டது. மூடியதும் கொக்கியைத் திருப்பி விடுங்கள்.

தலைகீழாக ஏற்றிவிட்டால் ஒளி பின்பூச்சைத் தாண்டி வரவேண்டியிருக்கும்: கறுப்பு-வெள்ளையில் படம் மிக வெளிறி, இடம் வலமாக மாறி வரும். கலரில் முழுப் படமும் சிவந்துவிடும்.

எக்ஸ்போஷர்

வரிசை மாறக்கூடாது: ஃபோகஸ், லென்ஸை மூடுதல், அபர்ச்சர், வேகம், ஷட்டரை ஏற்றி ஒருமுறை வெறுமனே தட்டிப் பார்த்தல், மறுபடி ஏற்றுதல், ஹோல்டர், டார்க் ஸ்லைடு. ஃபோகஸுக்காகத் திறந்த லென்ஸை மூடாமலே ஸ்லைடை உருவுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. வெறுமனே தட்டிப் பார்ப்பது அதைப் பிடித்துக்கொடுக்கும். ஸ்லைடை உருவும்போது ஹோல்டரின் மேல் கறுப்புத் துணி போர்த்துங்கள். நேராக உருவுங்கள், சாய்த்து இழுத்தால் வாயில் உள்ள ஒளித்தடுப்பு விலகி ஒளி புகும். எடுத்ததும் கறுப்புப் பக்கம் வெளியே வைத்து மூடுங்கள்.

கிட்டத்தில் எடுக்கும்போது துருத்தி (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புக் குழாய்) நீளும், ஒளி குறையும். துருத்தி நீளத்தை லென்ஸின் நீளத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். 150 மி.மீ. லென்ஸ் 212 மி.மீ. நீண்டிருந்தால் 2 மடங்கு ஒளி வேண்டும். 300 மி.மீ. என்றால் 4 மடங்கு.

ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிம் சோம்பும். மீட்டர் 10 நொடி சொன்னால் எஃப்பி4 பிளஸ்ஸுக்கு 18 நொடி, ஹெச்பி5 பிளஸ்ஸுக்கு 20 நொடி, டி-மேக்ஸ் 100-க்கு அரை ஸ்டாப் கூட்டிச் சுமார் 15 நொடி. ஃபோமாபான் 100-க்கு? எட்டு மடங்கு, 80 நொடி. மலிவு விலை இங்கேதான் வசூலாகிறது. ஃபில்டரும் துருத்தியும் முதலில், இந்தத் திருத்தம் கடைசியில். மீட்டர் 5 நொடி சொல்லி, துருத்தி 2 மடங்கு கேட்டால், 10 நொடிக்கான திருத்தத்தையே போட வேண்டும்.

ஹோல்டர் எண், காட்சி, நிழலில் மீட்டர் எத்தனை, வெளிச்சத்தில் எத்தனை என்று ஒவ்வொரு ஷீட்டுக்கும் எழுதி வையுங்கள். இது இல்லாமல் தனித்தனியாக டெவலப் செய்யும் சலுகை வீண்.

டெவலப்

ஒரு 8×10 ஷீட், நான்கு 4×5 ஷீட், ஒரு 36 பட ரோல் மூன்றும் ஏறக்குறைய ஒரே பரப்பு. எத்தனை ரோலுக்கு என்று டெவலப்பர் பாட்டிலில் போட்டிருக்கிறதோ அதை நான்கால் பெருக்கினால் 4×5 கணக்கு கிடைக்கும்.

ட்ரேயில் பல ஷீட்டுகளைப் புரட்டிப் புரட்டி டெவலப் செய்வது பழைய முறை. கை பழகாதவரை ஒரு ஷீட்டின் மூலை அடுத்ததைக் கீறும். எஸ்பி-445 போன்ற சிறு தொட்டியில் நான்கு ஷீட், 475 மி.லி. போதும், வெளிச்சத்தில் வேலை செய்யலாம்.

20 டிகிரியில் ஐடி-11 டெவலப்பர், 1+1 கலவைக்கு (ஒரு பங்கு டெவலப்பர், ஒரு பங்கு தண்ணீர்) எஃப்பி4 பிளஸ் 11 நிமிடம், ஹெச்பி5 பிளஸ் 13 நிமிடம். வீட்டில் 20 கிடைக்காவிட்டால் 24 டிகிரியில் நிறுத்துங்கள், எஃப்பி4-க்குச் சுமார் 7½ நிமிடம் வரும். அதற்கு மேல் சூடானால் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே போய், வானம் திட்டுத்திட்டாக வரும். ஐஸை ரசாயனத்துக்குள் போடாதீர்கள். அகலமான டப்பில் தண்ணீர் விட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலை அதில் மிதக்கவிட்டு, ரசாயன பாட்டில்களையும் கழுவும் தண்ணீரையும் அதிலேயே நிறுத்துங்கள். டெவலப்பர் 24, கழுவும் தண்ணீர் 31 என்று இருந்தால் எமல்ஷன் சுருங்கி வலைபோல் வெடிக்கக்கூடும்.

முதலில் 2 நிமிடம் வெறும் தண்ணீர். டெவலப்பரில் முதல் அரை நிமிடம் தொடர்ந்தும், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை 10 நொடியும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வேகமாகக் குலுக்கினால் ஷீட்டின் ஓரங்கள் நடுவைவிட அடர்த்தியாகும். ஸ்டாப் பாத் (டெவலப்பை நிறுத்தும் கரைசல்) அரை நிமிடம், ரேபிட் ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) 1+4 ஐந்து நிமிடம். பால்போல் மங்கல் தெரிந்தால் ஃபிக்ஸர் செத்துவிட்டது, புதிதில் மறுபடி போட்டால் சரியாகும். நன்றாகக் கழுவியபின் கடைசி முழுக்கு மட்டும் ஆர்.ஓ. அல்லது பேட்டரித் தண்ணீரில், வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழியச்செய்யும் திரவம்) சில சொட்டு விட்டு. போர்வெல் தண்ணீரில் முடித்தால் உப்புக்கறை காய்ந்து நிற்கும். ஒரு மூலையில் மட்டும் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

முக்கியமான காட்சிக்கு ஹோல்டரின் இரண்டு பக்கத்தையும் ஒரே எக்ஸ்போஷரில் எடுங்கள். கல்மண்டப நிழலும் வெயில் முற்றமும் ஒரே படத்தில் என்று வையுங்கள். மீட்டரை நிழலுக்குப் பார்த்து எடுத்து, முதல் ஷீட்டை வழக்கமான 11 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். முற்றம் நெகட்டிவ்வில் கட்டிக் கறுப்பாக இருந்தால் இரண்டாவதை 9 நிமிடத்தில் எடுங்கள். படம் சப்பென்று இருந்தால் 14 நிமிடம். நிழல் பகுதி வெற்று ஃபிலிமாகவே இருந்தால் எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் இரண்டாவது ஷீட்டிலும் அங்கே எதுவும் வராது, திரும்பப் போய் எடுக்க வேண்டியதுதான்.