மேற்கு ஆப்பிரிக்க மர முகமூடியைப் பார்க்கும் முறை

அருங்காட்சியகத்தில் மேற்கு ஆப்பிரிக்க முகமூடி ஒன்றைக் கண்டால், முகத்தை விட்டுவிட்டு அதன் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான முகமூடிகளின் விளிம்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஆடுபவரின் உடலை மறைத்த ராஃபியா நாரும் துணியும் அவற்றில்தான் கட்டப்பட்டிருந்தன. வாங்கியவர்கள் அவற்றைக் களைந்து மரத்தை மட்டும் சுவரில் மாட்டியதால், முழு உருவத்தின் ஒரு துண்டையே நாம் முகமூடி என்கிறோம்.

அடுத்து, அது உடலில் எங்கே அமர்ந்தது என்று கேளுங்கள். மாலி நாட்டின் பமனா உழவர்களுடைய, மான் வடிவிலான சிவாரா என்னும் முகமூடி, பின்னிய தொப்பியோடு உச்சந்தலையில் கட்டப்படுவது. தொப்பி தொலைந்தபின் பீடத்தில் நிற்கும் அதைச் சிலை என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

வடிவத்தைப் படித்துப் பழக, சியரா லியோனின் மெண்டே மக்களுடைய சோவெய் முகமூடியையே நான் பரிந்துரைப்பேன். சாண்டே என்னும் பெண்கள் சங்கத்துக்கு உரிய இதனைச் செதுக்குபவர் ஆண், அணிந்து ஆடுபவர் பெண். பெண்களே முகமூடி அணிந்து ஆடும் வழக்கம் ஆப்பிரிக்காவில் மிக அரிது. அகன்ற நெற்றி அறிவையும், தாழ்ந்த கண்களும் மூடிய சிறு வாயும் அடக்கத்தையும் இரகசியம் காக்கும் பண்பையும், நேர்த்தியாகப் பின்னிய கூந்தல் பெண்களின் ஒருவருக்கொருவரான பரிவையும் குறிக்கின்றன. கழுத்து வளையங்களைச் செழித்த உடலின் மடிப்புகள் என்பதும் உண்டு, நீருக்கடியிலிருந்து எழும் ஆவி உருவத்தைச் சூழ்ந்த அலைகள் என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்மையின் நிறைவாக, எண்ணெய் பூசி மினுக்கப்பட்ட இந்தக் கரிய முகத்துக்கு வெளியார் ‘பிசாசு’ என்று பெயர் எழுதியது வருத்தத்துக்குரிய பிழை.

பெயர்ப்பலகையில் ‘ஆப்பிரிக்கப் பழங்குடி முகமூடி’ என்று மட்டும் இருந்தால் நிறைவு கொள்ளாமல், எந்த மக்கள், எந்த ஊர் என்று தேடுங்கள். 1907இல் ஓவியர் பிக்காசோ பாரிஸின் டிரோகாடேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்ட காலம் முதல், கபோன் பகுதி ஃபாங் மக்களின் முகமூடியும் மேற்கு ஆப்பிரிக்காவினுடையதும் ஒரே குவியலாகப் பேசப்பட்டு வருகின்றன. ஃபாங் நிலம் மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்ற விற்பனைப் பேச்சையும் நம்பவேண்டாம். ஈரமும் கரையானும் மரத்தை விட்டுவைப்பதில்லை. இன்று நாம் காணும் பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

கடையில் வாங்குவதானால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மண்ணையும் புகையையும் தேய்த்துப் பழமையை உண்டாக்கிவிடலாம் என்பதால், கறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆடிய முகமூடியில் நெற்றியும் கன்னமும் உரசிய இடங்களே மழுங்கி வழவழப்பாக இருக்கும்.