தணிக்கை அட்டவணை: சத்தமில்லாமல் நேரும் தவறுகள்

தரவுத்தளத்தில் ஒரு மதிப்பை யார் மாற்றினார், எப்போது மாற்றினார், முன்பு என்ன இருந்தது என்று குறித்துவைப்பதற்குத்தான் தணிக்கை அட்டவணை. அன்றாட வேலைக்கு அதை யாரும் திறப்பதில்லை. ஒரு கணக்கின் தொகை மாறிப்போய், ‘நான் தொடவே இல்லை’ என்று எல்லோரும் கைவிரிக்கும் நாளில்தான் தேடிப் போகிறோம். அன்றைக்கு அங்கே பதிவு இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை எந்தப் பிழைச் செய்தியும் தருவதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

முதலில் வெற்று மதிப்பு (NULL). காலியான எழுத்துச் சரத்தைச் சொல்லவில்லை. மதிப்பே இல்லாத நிலையைச் சொல்கிறேன். ‘பழைய மதிப்பும் புதிய மதிப்பும் சமமில்லை என்றால் பதிவு செய்’ என்று ட்ரிகரில், அதாவது தரவு மாறும்போது தரவுத்தளம் தானாக இயக்கும் சிறு நிரலில், நிபந்தனை வைப்பது வழக்கம். படிக்கும்போது குறையே தெரியாது. ஆனால் தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, ‘தெரியாது’. உடனே ட்ரிகர் எழுதாமல் கடந்துவிடும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண் வேறொரு எண்ணாக மாறினால் பதிவாகும். முதன்முறை எண் சேர்க்கப்பட்டதும், இருந்த எண் நீக்கப்பட்டதும் பதிவாகாது. பின்னாளில் தகராறு எழுவதோ பெரும்பாலும் இந்த இரண்டில்தான். தரவுத்தள மென்பொருள்களில், போஸ்ட்கிரெஸில் ‘இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’, மைஎஸ்கியூஎல்லில் ‘<=>’ என்று இதற்கென்றே ஒப்பீடுகள் உள்ளன. இன்னொரு தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரும் 2022 பதிப்பிலிருந்து முன்னதை ஏற்கிறது.

எஸ்கியூஎல் சர்வரில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அங்கே ட்ரிகர் ஒவ்வொரு பதிவுக்கும் இயங்குவதில்லை, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒருமுறைதான் இயங்கும். ஒரே கட்டளையில் 500 பதிவுகள் மாறினால் ‘இன்செர்டெட்’, ‘டெலிடெட்’ என்ற இரண்டு தற்காலிக அட்டவணைகளிலும் 500 பதிவுகள் காத்திருக்கும். அவற்றிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து மாறியில் வைத்து எழுதும் ட்ரிகர் ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு முடிந்துவிடும். திரையில் ஒவ்வொரு பதிவாகத் திருத்திச் சோதித்தால் இது வெளியே தெரியாது. யாரோ நேரடியாகத் தரவுத்தளத்தில் மொத்தமாகத் திருத்தும்போது, அதாவது தணிக்கை மிக அவசியமான அந்த நேரத்தில், 499 பதிவுகளின் வரலாறு போய்விடும்.

அதே தரவுத்தளத்தில், தணிக்கை அட்டவணைக்குத் தானாக ஏறும் எண் வைத்திருந்தால் பிரதான நிரலே கெடலாம். புதிய ஆர்டரைச் சேர்த்தபின் ‘@@ஐடென்டிட்டி’ மூலம் அதன் எண்ணைக் கேட்டால், ட்ரிகர் கடைசியாக எழுதிய தணிக்கைப் பதிவின் எண் வந்து நிற்கும். ஆர்டரின் பொருட்கள் வேறொரு ஆர்டரோடு ஒட்டிக்கொள்ளும். ‘ஸ்கோப் ஐடென்டிட்டி’ என்பதைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது ‘யார்’ என்ற கேள்வி. இணையப் பயன்பாடுகள் பெரும்பாலும் எல்லாப் பயனர்களுக்கும் ஒரே தரவுத்தளக் கணக்கில்தான் இணைகின்றன. ட்ரிகர் தரவுத்தளப் பயனரின் பெயரைக் குறித்தால் ஒவ்வொரு வரியிலும் அந்த ஒரே கணக்கின் பெயர்தான் இருக்கும். உண்மையான பயனரின் அடையாளத்தைப் பயன்பாடுதான் அனுப்ப வேண்டும். போஸ்ட்கிரெஸில் ‘செட் லோக்கல்’, எஸ்கியூஎல் சர்வரில் ‘செஷன் கான்டெக்ஸ்ட்’ இதற்கு உதவும். போஸ்ட்கிரெஸில் ‘லோக்கல்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் அந்த அடையாளம் பரிவர்த்தனை (ஒன்றாகச் செய்து முடிக்கப்படும் கட்டளைத் தொகுப்பு) முடிந்த பிறகும் இணைப்பிலேயே தங்கும். அதே இணைப்பு அடுத்தவருக்குப் போகும்போது, அவர் செய்த மாற்றம் முந்தையவர் பெயரில் ஏறிவிடலாம். பெயரே இல்லாததைவிட இது மோசம். செய்யாத ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வையுங்கள் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போவது வேறு: போஸ்ட்கிரெஸில் நேரம் கேட்கும் ‘நவ்’ என்ற செயற்கூறு, பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தையே தருகிறது. ஒரே பரிவர்த்தனையில் ஒரு மதிப்பு மூன்று முறை மாறினால் மூன்றுக்கும் ஒரே நேரம்தான். எது முன், எது பின் என்று பிரித்தறிய வரிசை எண் ஒன்றும் தேவை.

ட்ரிகரையே தாண்டிப் போகும் வழிகளும் உண்டு. அட்டவணையை மொத்தமாகக் காலிசெய்யும் ‘ட்ரன்கேட்’ கட்டளை நீக்கல் ட்ரிகரை எழுப்பாது. மைஎஸ்கியூஎல் 8 பதிப்பில், அயல் சாவி (ஒரு அட்டவணையின் பதிவை இன்னொரு அட்டவணையின் பதிவோடு பிணைப்பது) வழியாகத் தொடர்ந்து நீக்கப்படும் பதிவுகளுக்கும் ட்ரிகர் இயங்காது.

தணிக்கை அட்டவணையிலிருந்து மூல அட்டவணைக்கு அயல் சாவி போடவே வேண்டாம். போட்டால் மூலப் பதிவை நீக்க முடியாமல் போகும், அல்லது அதோடு சேர்ந்து வரலாறும் அழியும். பயன்பாட்டின் கணக்குக்கு இந்த அட்டவணையில் திருத்தவோ நீக்கவோ உரிமை இருக்கக் கூடாது. தடயத்தை அழிக்க முடிகிற தணிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். கடவுச்சொல் போன்ற புலங்களையும் தணிக்கையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் தரும் டெம்பொரல் அட்டவணைகள் பழைய பதிவுகளைத் தாமே சேமித்துக்கொள்கின்றன. ஆனால் மாற்றியவர் யார் என்பதை அவை தாமாகக் குறிப்பதில்லை. அதற்கெனப் புலம் ஒன்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இவற்றைக் கண்ணால் படித்துக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே தணிக்கைக்கென்றே தானியங்கிச் சோதனை எழுதுங்கள்: ஒரே கட்டளையில் பல பதிவுகளை மாற்றுங்கள், வெற்று மதிப்பை நிரப்புங்கள், நிரப்பியதை மீண்டும் வெற்றாக்குங்கள், ஒரு பதிவை நீக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு தணிக்கை அட்டவணையில் எத்தனை வரிகள் சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். மூல அட்டவணையில் புதிய புலம் சேரும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி ஓட்டுங்கள்.