நூலகத்தில் வி.ஆர். தொடங்க இரண்டு ஹெட்செட் போதும்

தர்மபுரி மாவட்ட மைய நூலகமோ பாலக்கோடு கிளையோ, வி.ஆர். (மெய்நிகர் காட்சி) நிகழ்ச்சியை, கண்ணை மூடி மாட்டிக்கொண்டு படம் பார்க்கும் ஹெட்செட் இரண்டோடு தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் பார்த்துக்கொள்ள ஆள் போதாது. போட்டிருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. ஹெட்செட்டுக்கு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வாசகர் வட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் பழக்கிவிடுங்கள்.

மெட்டா நிறுவனத்தின் க்வெஸ்ட் 3எஸ் போல, கணினி தேவைப்படாத வகையே நமக்குத் தோது. சார்ஜ் ஏறக்குறைய 2 மணி நேரம் நிற்கும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே ஏஏ பேட்டரி. ஆளுக்கு 10 நிமிடம், துடைக்க 5 நிமிடம் என்றால் 2 மணி நேரத்தில் இரண்டு ஹெட்செட்டிலும் சேர்த்து 16 பேர் பார்க்கலாம். 10 வயதுக்குக் கீழ் வேண்டாம், அது மெட்டாவே வைத்திருக்கும் வரம்பு. வலிப்பு உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆளுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியிடம் விடுங்கள். எதிரே கண்ணாடி பீரோ இருந்தால் பிரதிபலிப்பில் ஹெட்செட்டின் கேமரா குழம்பிப் படம் நடுங்கும். துணி போட்டு மூடுங்கள். ஜன்னலோர மேசையில் ஹெட்செட்டை வைக்கவே கூடாது. பூதக்கண்ணாடி தாளைப் பொசுக்குவதுபோல, லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே திரையைச் சுட்டுவிடும். அந்தப் புள்ளி அப்புறம் போகாது.

முதல் மாதம் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்கட்டும், சக்கரமில்லாத நாற்காலியில். ரோலர்கோஸ்டர் வேண்டாம்: கண் ஓடுகிறது என்கிறது, உள்காது இல்லை என்கிறது, குமட்டல் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவருக்கு வியர்த்தால் உடனே கழற்றுங்கள், சமாளிக்கச் சொல்லாதீர்கள்.

அதிகம் கெடுவது சுத்தத்தில்தான். தேங்காய் எண்ணெய் முகப் பஞ்சில் ஊறிவிடும். சிலிக்கோன் உறை போட்டு, ஒவ்வொருவருக்குப் பின்னும் ஆல்கஹால் துடைப்பானால் உறையைத் துடையுங்கள். லென்சில் ஆல்கஹால் படக்கூடாது, மேற்பூச்சு போய்விடும். நெற்றித் திருநீறு லென்சில் உதிர்ந்தால் முதலில் காற்றுப் பந்தால் ஊதிவிட்டு, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. அப்படியே தேய்த்தால் கீறல் விழும். மெட்ராஸ் ஐ பரவும் வாரங்களில் நிகழ்ச்சியையே நிறுத்துங்கள்.

படங்களை முந்தின நாளே இறக்கி வையுங்கள். வெளிநாட்டுப் படங்களோடு நின்றுவிடாமல், சுற்றிலும் படமெடுக்கும் 360 டிகிரி கேமராவில் ஒகேனக்கல்லை எடுங்கள். அனுமதி கிடைத்தால் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்களையும். கேமரா ஸ்டாண்டு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும், உட்கார்ந்தவரின் கண்மட்டம் அது. உயர்த்தி வைத்தால் பார்ப்பவருக்கு அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும்.