நைட்ரஸ் வயரிங்: கெட்டால் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும்

எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தர நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தும் நைட்ரஸ் கிட்டின் வயரிங் பார்வைக்கு எளிதுதான். சிஸ்டத்தைத் தயார் நிலையில் வைக்கும் ஒரு ஆர்மிங் ஸ்விட்ச், த்ராட்டில் முழுதாகத் திறந்தால் இயங்கும் ஒரு த்ராட்டில் ஸ்விட்ச், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் ஒரு ரிலே, மின்சாரத்தால் திறக்கும் வால்வுகளான இரண்டு சோலினாய்டு. ஸ்விட்சைத் தட்டியதும் ‘டக்’ என்று சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று பலர் பானெட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் ஏதாவது ஒரு வயர் விட்டுப்போனால் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் வெட் சிஸ்டத்தில் ஒரு சோலினாய்டு நைட்ரஸுக்கு, மற்றொன்று கூடுதல் பெட்ரோலுக்கு. நைட்ரஸ் ஆக்சைடின் எடையில் சுமார் 36 சதவீதம் ஆக்சிஜன். அதற்கு ஈடான பெட்ரோல் வராவிட்டால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), நாக்கிங் (சிலிண்டருக்குள் கட்டுப்பாடற்ற எரிதல்) தொடங்கி, பிஸ்டன் உருகும் வரை போய்விடும். பெட்ரோல் மட்டும் வந்து நைட்ரஸ் வராவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் திணறுவதோடு சரி.

இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி எர்த் (பாடியோடு இணைப்பு) கொடுப்பதை அடிக்கடி பார்க்கலாம். பார்க்க ஒழுங்காக இருக்கும். பெட்ரோல் சோலினாய்டின் எர்த்தைப் பெயிண்ட் சுரண்டாத இடத்தில் போல்ட் போட்டிருந்தால், ஒரு நாள் அது மட்டும் விட்டுப்போகும். நைட்ரஸ் வழக்கம்போல் பாயும். அதனால் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே எர்த் புள்ளி போதும். போனால் இரண்டும் சேர்ந்து போகட்டும்.

அடுத்தது மின்னோட்டம். சோலினாய்டுகள் சேர்ந்து 20 ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். அதை த்ராட்டிலில் பொருத்தும் சிறிய மைக்ரோ ஸ்விட்ச் வழியே நேரடியாக விட்டால் அதன் முனைகள் கருகும் அல்லது ஒட்டிக்கொள்ளும். ரிலே சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். ஒட்டிவிட்டால் காலை எடுத்தாலும் சோலினாய்டு மூடாது. ஆர்மிங் ஸ்விட்சை அணைத்தும் பயனில்லை, அது ரிலேயை இயக்கும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத்தானே நிறுத்துகிறது! இரண்டு ரிலே போட்டு, ஆர்மிங் ஸ்விட்ச் இயக்கும் முதலாவதன் வழியாகத்தான் இரண்டாவதன் 30-ஆம் முனைக்கு (மின்சாரம் உள்ளே வரும் முனை) மின்சாரம் போகும்படி செய்பவர்கள் இதற்காகத்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூடுதல் ரிலேயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெல்லிய வயரும் மோசமான கிரிம்பும் (முனையை நசுக்கிப் பொருத்திய இணைப்பு) வோல்ட்டேஜைத் தின்றுவிடும். வழியில் 0.1 ஓம் எதிர்ப்பு இருந்தால்கூட 20 ஆம்பியரில் 2 வோல்ட் காணாமல் போகும். நைட்ரஸ் சிலிண்டரின் 900 முதல் 1000 பிஎஸ்ஐ அழுத்தத்தை எதிர்த்துத் திறக்க வேண்டிய சோலினாய்டுக்கு அது பெரிய இழப்பு. மல்டிமீட்டரை சோலினாய்டு முனையில், அது இயங்கும்போது வைத்துப் பாருங்கள். பேட்டரியில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

ஆர்மிங் ஸ்விட்சுக்கு நேரடி பேட்டரி மின்சாரம் வேண்டாம், சாவி போட்டால் மட்டும் வரும் இடத்திலிருந்து எடுங்கள். குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும் நைட்ரஸை அனுமதிக்கும் விண்டோ ஸ்விட்ச் பெரும்பாலும் ரிலே காயிலின் எர்த் பக்கத்தை இணைப்பதால், அந்த வயர் உரசி பாடியில் தொட்டாலே, ஆர்ம் செய்திருக்கும்போது சிஸ்டம் ஓடத் தொடங்கும். அதை ஸ்லீவ் போட்டு, கூர்மையான விளிம்புகளிலிருந்து தள்ளியே கொண்டுபோங்கள்.

த்ராட்டில் ஸ்விட்சைக் கையால் த்ராட்டிலைத் திருகி அமைப்பதும் தவறு. உள்ளே ஒருவர் உட்கார்ந்து பெடலை முழுதாக மிதிக்க வேண்டும். கார்ப்பெட் தடுத்து ஸ்விட்ச் எட்டாமலே போகலாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள காரில் சிக்னலை பெடலிலிருந்து எடுக்காதீர்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் த்ராட்டிலை மூடும்போது பெடல் மட்டும் தரையில்தான் இருக்கும்.

விண்டோ ஸ்விட்சில் கீழ் எல்லை 3000 ஆர்பிஎம் அளவிலும், மேல் எல்லை ரெவ் லிமிட்டருக்கு (எஞ்சின் மிகை வேகத்தில் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) 200–300 ஆர்பிஎம் கீழேயும் இருக்கட்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும் நேரத்தில் நைட்ரஸ் ஓடக்கூடாது. எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கையைத் தவறாக வைத்தால் அது ஆர்பிஎம்மை இரண்டு மடங்காகவோ பாதியாகவோகூடப் படிக்கலாம். ஆகவே டாக்கோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோதிக்கும்போது நைட்ரஸ் சிலிண்டர் வால்வை மூடி, லைனில் மிச்சமிருக்கும் வாயுவை வெளியேற்றி, ஃபியூவல் பம்ப் ஃபியூஸையும் கழற்றிவிடுங்கள். இதை மறந்தால் ஒவ்வொரு ‘டக்’ சத்தத்துக்கும் கொஞ்சம் பெட்ரோல் இன்டேக் மேனிஃபோல்டில் தேங்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அது அங்கேயே வெடிக்கலாம்.