வர்த்தகக் கண்காட்சி: உங்கள் ஸ்டால் முன்னால் ஆட்கள் நிற்க என்ன செய்ய வேண்டும்?

மூன்று மீட்டர் முகப்புள்ள ஸ்டாலைச் சாதாரண நடையில் கடக்க மூன்று வினாடி போதும். அதற்குள் இங்கே என்ன இருக்கிறது, தனக்கு அது தேவையா என்று பார்வையாளருக்குப் புரிந்துவிட வேண்டும். கம்பெனியில் தயாராகும் பத்துப் பொருளையும் மேசையில் பரப்பினால் எதுவும் கண்ணில் நிற்காது. ஆகவே முதல் வேலை, இந்தக் கண்காட்சிக்கு எந்த ஒரு பொருள் என்று முடிவு செய்வது. இடம், பேனர், விளக்கு, டெமோ, ஆட்கள் பேசும் முதல் வாக்கியம் எல்லாம் அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும். மற்றதெல்லாம் கேட்லாகில் இருக்கட்டும், கேட்பவருக்குக் காட்டலாம்.

எதைத் தேர்வு செய்வது? அங்கே வருகிற ஆட்களின் அன்றாடத் தலைவலி ஒன்றைத் தீர்ப்பதாக, ஒரே நிமிடத்தில் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ புரிந்துகொள்ளக் கூடியதாக, ஆர்டர் வந்தால் உடனே அனுப்ப முடிந்ததாக இருக்க வேண்டும். இன்னும் தயாரிப்புக்கே போகாத மாடலை வைத்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும், வியாபாரம் வராது.

இடமும் கையேடும்

ஹால் வரைபடம் வந்ததும் ஸ்டால் எண்ணை மட்டும் பார்க்காமல் தூண், தீயணைப்புப் பெட்டி, அவசர வழி ஆகியவை எங்கே என்று பாருங்கள். முகப்புக்கு நேர் எதிரே ஒரு தூண் நின்றால் பாதிப் பார்வை போய்விடும். நுழைவாயிலை ஒட்டிய முதல் வரிசைக்குப் பலர் போட்டி போடுவார்கள். ஆனால் உள்ளே வருகிறவர் அந்த இடத்தில் பேட்ஜை மாட்டிக்கொண்டு, வரைபடத்தைப் பிரித்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவார். இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டால் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த 12 சதுர மீட்டரைவிட 9 சதுர மீட்டர் மூலை பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். ஒரு சுவர் குறையும், ஒட்டும் பரப்பும் குறையும் என்பதை மட்டும் டிசைனரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய போட்டியாளருக்குப் பக்கத்தில் இடம் அமைந்தால் விலகி ஓட வேண்டாம். அவரைத் தேடி வருகிறவர் உங்களுக்கும் வேண்டியவர்தான்.

ஏற்பாட்டாளர்கள் தரும் கையேட்டை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கும். முகப்புப் பெயர்ப்பலகையில் நீங்கள் படிவத்தில் நிரப்பிய எழுத்துதான் அப்படியே வரும். மின்சாரம், நாற்காலி, பேட்ஜ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி, தாண்டினால் கூடுதல் கட்டணம். எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மின்சாரம் கேட்கும்போது வாட்டைக் கூட்டிப் போட்டால் மட்டும் போதாது. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அந்த நொடியில் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். டெமோவின் நடுவே டிரிப் ஆவது பெரும்பாலும் இதனால்தான். மோட்டாரை மெதுவாக வேகமெடுக்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ விஎஃப்டியோ வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் திறனைப் படிவத்திலேயே எழுதுங்கள். பல ஹால்களில் இரவில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஃப்ரீசர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது எதுவும் இருந்தால் 24 மணி நேர இணைப்பைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சுவரில் என்ன, எவ்வளவு பெரிதாக

அலுமினியச் சட்டத்தில் செருகிய தயார்நிலைப் பேனல்கள் பொதுவாக ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் இருக்கும். ஆனால் சட்டம் சில சென்டிமீட்டரை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவு என்ன என்று கேட்டு வாங்கி, அதற்கு ஏற்ப டிசைன் செய்யுங்கள். மூன்று பேனலுக்கும் சேர்த்து ஒரே படமாக டிசைன் செய்து பேனல் பேனலாக ஒட்டும்போது தலைப்பின் நடு எழுத்து சட்டத்துக்குள் போய் மறைவது அடிக்கடி நடக்கிறது. ஆணி, திருகுக்கு அனுமதி இருக்காது. வெல்க்ரோவோ டபுள் டேப்போ போதும்.

தலைப்பு ஒன்றரை மீட்டருக்கு மேலே இருக்கட்டும். கீழே ஒரு மீட்டர் வரை மேசையும் ஆட்களும் மறைத்துக்கொள்வார்கள், அங்கே எழுதுவது வீண். எழுத்தின் உயரத்துக்கு எளிய கணக்கு உண்டு: மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். பாதையின் மறுமுனையில் 12 மீட்டர் தள்ளி வருகிறவர் சிரமமில்லாமல் படிக்க வேண்டுமானால் 10 சென்டிமீட்டர். அந்த அளவில் ஏழு வார்த்தைக்கு மேல் இடமும் இருக்காது, நல்லதுதான். கம்பெனி பெயர் ஏற்கெனவே முகப்பில் இருக்கிறது. இங்கே வேலையைச் சொல்லுங்கள். 'தரமான பம்புகளின் முகவரி' என்று எழுதினால் யாரும் திரும்ப மாட்டார்கள். 'மணல் கலந்த தண்ணீரையும் இறைக்கும் பம்பு' என்றால் மணலால் பம்பு தேய்ந்து நொந்துபோனவர் தானாக நிற்பார்.

அச்சுக்கு முழு அளவில் 100 முதல் 150 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும். லோகோவை வெப்சைட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் ஃபைல் வேண்டும். பளபளப்பான லேமினேஷனில் ஸ்பாட்லைட் பட்டு எழுத்தே தெரியாது, மேட் போடச் சொல்லுங்கள். கியூஆர் கோடு வைப்பதாக இருந்தால் ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது அகலம் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர். சுற்றி வெள்ளை இடம் விடுங்கள். அது திறக்கிற பக்கம் கனமாக இருந்தால் நெரிசலான ஹால் நெட்வொர்க்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஹால் விளக்குகள் உயரத்திலிருந்து எல்லாவற்றின் மீதும் ஒரே மாதிரி விழும், எதையும் எடுத்துக் காட்டாது. ஸ்டாலோடு வரும் ஸ்பாட்லைட்கள் பெரும்பாலும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். அவற்றில் இரண்டைப் பொருளின் மீது திருப்பினாலே ஸ்டால் மாறிவிடும். துணி, பெயின்ட், உணவு போல நிறம் முக்கியமானவற்றுக்கு சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி வேண்டும்.

டெமோ

1854-இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் தன் லிஃப்ட் மேடையில் ஏறி நின்று, உயரத்தில் வைத்துக் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாருடைய பயமும், அதையே நடத்திக் காட்டினார். உங்கள் வாடிக்கையாளர் உள்ளுக்குள் சந்தேகப்படுகிற விஷயம் எது என்று கண்டுபிடித்து அதை டெமோவாக்குங்கள். பம்பு என்றால் கண்ணாடித் தொட்டியில் மணலைக் கொட்டி ஓட்டுங்கள்.

மொத்தம் மூன்று நிமிடம். முதல் இருபது வினாடியிலேயே விளைவு தெரிய வேண்டும், விளக்கம் பிறகு. முடிந்தால் மணலைப் பார்வையாளர் கையாலேயே கொட்டச் சொல்லுங்கள். மேசையை முகப்பு முழுக்க அடைத்துப் போடாதீர்கள், அது மதில். ஓரமாகத் தள்ளுங்கள். டெமோவைப் பாதை ஓரத்திலேயே வைத்தால் கூட்டம் பாதையை அடைக்கும், ஏற்பாட்டாளர்கள் வந்து நிறுத்திவிடுவார்கள். ஒரு மீட்டர் உள்ளே வைத்தால் முதல் வரிசை உங்கள் ஸ்டாலுக்குள் வந்துவிடும். மூன்று நாள், தினமும் எட்டு மணி நேரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 72 டெமோ. செலவாகும் பொருளை 90-க்குக் கணக்கிட்டு எடுத்துப் போங்கள். எந்தப் பாகம் முதலில் பழுதாகும் என்று உங்களுக்கே தெரியும், அதில் இரண்டு உபரி வேண்டும். வீடியோ ஓடினால் சத்தமில்லாமல், எழுத்தோடு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்து மறுபடி தொடங்கட்டும். ஆயத்தப் பெட்டியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கேபிள் டை, டேப், கத்தரி, ஸ்டேப்ளர், மார்க்கர், துடைக்கும் துணி மறக்கக் கூடாது.

ஆட்கள், என்கொயரி

9 சதுர மீட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர், மாற்றிவிட மூன்றாமவர். நாலு பேர் நின்றால் பார்வையாளருக்கு உள்ளே வரவே தயக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மாலை நாலு மணிக்கு முகம் வாடியிருப்பது இதைச் செய்யாத ஸ்டாலில்தான். நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்கிற ஆள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

'என்ன வேணும் சார்?' என்று கேட்டால் 'சும்மா பார்க்கிறேன்' என்று பதில் வரும், பேச்சு முடிந்தது. 'இப்போ என்ன பம்பு போட்டிருக்கீங்க? எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கறீங்க?' என்று கேட்டால் அவர் தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்குவார்.

விசிட்டிங் கார்டை வாங்கி டப்பாவில் போடுவது என்கொயரி ஆகாது. அரைப்பக்கப் படிவம் ஒன்று அச்சடியுங்கள்: என்ன தேவை, எவ்வளவு, எப்போது, யார் முடிவெடுப்பார், நாம் என்ன அனுப்புவதாகச் சொன்னோம். கார்டை அதில் பின் அடித்து, அவர் நகர்ந்ததும் வாங்கும் வாய்ப்பு அதிகமானவரிலிருந்து குறைந்தவர் வரை ஏ, பி, சி என்று குறித்துவிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதலாம் என்றால் முகமும் தேவையும் குழம்பிப் போகும். குலுக்கல் பரிசு வைத்தால் கார்டுகள் குவியும், வாங்குகிறவர் அதில் யார் என்று தெரியாது. பேனா, பை போன்ற இலவசங்களை முன்மேசையில் அடுக்காதீர்கள், பேசி முடித்தவருக்குக் கொடுங்கள்.

கூட்டத்தை ஹால் மட்டுமே கொண்டுவரும் என்றும் இருக்க வேண்டாம். மூன்று வாரம் முன்பே பழைய வாடிக்கையாளர்களுக்கு ஸ்டால் எண்ணோடு அழைப்பு அனுப்பி, காலை முதல் மணி நேரத்துக்கு நேரம் குறித்து வாங்குங்கள். ஆள் நிற்கிற ஸ்டாலில்தான் அடுத்த ஆளும் நிற்பார்.

கடைசி நாள் மதியமே மூட்டை கட்டாதீர்கள், அப்போதும் வாங்குகிறவர் வருவார். பிரிக்கும் நேரத்தில்தான் சிறிய பொருள்கள் காணாமல் போகும் என்பதால் ஒருவர் ஸ்டாலை விட்டு நகரக் கூடாது. ஏ படிவங்களுக்கு 48 மணி நேரத்துக்குள் போன், கொட்டேஷன், அவர் பார்த்த டெமோவின் படம் மூன்றும் போக வேண்டும். பி படிவங்களுக்கு ஒரு வாரத்துக்குள் மெயில். ஊர் திரும்பித் தேங்கிய வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப் போடுவதால் போகிற ஆர்டர்தான் அதிகம். எனவே இந்த வேலையைக் கண்காட்சிக்கு வராமல் ஆபீசிலேயே இருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்து, அன்றன்றைய படிவங்களை இரவே அவருக்குப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.