கையைப் பிடித்து இழுக்காதீர்கள்: பாரிசவாதத்துக்குப் பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

பாரிசவாதம் வந்தவரை வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் அன்றே முதல் தவறு நடந்துவிடுகிறது. ஓட்டோவிலிருந்து இறக்கும்போது ஒருவர் அவருடைய செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பார். மற்றவர் கமக்கட்டுக்குள் கையை விட்டுத் தூக்குவார். இரண்டுமே பாசத்தில் செய்வதுதான். ஆனால் சில வாரங்களில் "தோள் நோ தாங்க ஏலாமல் கிடக்கு" என்று அவர் இரவில் முனகுவதற்குப் பல வீடுகளில் இந்தப் பிடிதான் காரணம்.

தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அந்தக் குழியில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகள். பாரிசவாதத்தில் அவை தளர்ந்ததும் கையின் பாரமே எலும்பைக் கீழே இறக்கத் தொடங்குகிறது. தோளின் மேல்முனைக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் இழுக்கும் ஒவ்வொரு இழுவையும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வையும் நாரையும் காயப்படுத்தும். நோ வந்தபின் அவர் கையைத் தொடவே விடமாட்டார். பயிற்சி நின்றுபோகும், தோள் இறுகிவிடும்.

எழுப்பும் முறை வேறு. முதலில் அவரைக் கதிரையின் முன்விளிம்புக்கு நகரச் செய்யுங்கள். இரண்டு பாதங்களும் நிலத்தில் படிந்து, குதிகள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். நீங்கள் பலவீனமான பக்கத்தில் நின்று, ஒரு கையால் இடுப்பைப் பிடியுங்கள். சறத்தைப் பிடித்தால் அவிழ்ந்துவிடும். அகலமான துணிப்பட்டியை இடுப்பில் கட்டி அதைப் பிடிப்பது நல்லது. மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை அவர் முன்னால் குனியட்டும். அதன்பிறகு கால்களால் தானே உந்தி எழுவார், உங்கள் கை விழாமல் காப்பதற்கு மட்டுந்தான். பலர் குனியவிடாமல் நேராக மேலே தூக்குகிறார்கள். அப்போது முழுப்பாரமும் தூக்குபவரின் நாரியில்தான் விழும்.

இருக்கும்போது அந்தக் கை தொங்கக்கூடாது. மடியில் தலையணி வைத்து அதன்மேல் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கிடத்துங்கள். படுக்கும்போதும் தோளுக்கும் கைக்கும் கீழே தலையணி வேண்டும். புரள முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தாவிட்டால் நாரி எலும்பிலும் குதியிலும் படுக்கைப்புண் வரும்.

பயிற்சி என்ற பெயரிலும் தவறுகள் நடக்கின்றன. உத்தரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் இழுத்து மற்றக் கையை மேலே தூக்க வைப்பது அவற்றில் ஒன்று. தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் உயர்ந்தால் நடுவில் உள்ள நார்கள் நசுங்கும். விரல்கள் ஏற்கெனவே இறுக மடங்கியிருப்பவருக்கு ரப்பர் பந்தைக் கொடுத்து நாள் முழுக்க நசுக்கச் சொல்வதும் உதவாது, விரியத்தான் அந்தக் கை பழக வேண்டும். எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்று இயன்மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வேகமான முன்னேற்றம் முதல் 3 மாதங்களில் வருவதால் "கொஞ்சம் தேறட்டும், பிறகு தொடங்குவம்" என்று காத்திருப்பதுதான் பெரிய இழப்பு.

எண்ணெய் பூசி மெல்லத் தடவுவதில் பிழையில்லை. பலங்கொண்டு உருவுவதும் சொடக்கு எடுப்பதும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் சூடும் நோவும் இருந்தால் அதைத் தொட்டு உருவவே வேண்டாம். நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். உணர்ச்சி குறைந்த கையில் ஒத்தடம் கொடுப்பதும் ஆபத்து, தோல் பொசுங்குவது அவருக்குத் தெரியாது.

இனிச் சாப்பாடு. வருத்தம் பார்க்க வருபவர்கள் அன்போடு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். விழுங்கும் தசைகள் பலவீனமாக இருக்கும்போது அந்த ஒரு வாய் சுவாசக்குழாய்க்குள் போய் நியூமோனியாவைக் கொண்டுவரலாம். புட்டு உதிர்ந்து தொண்டையில் சிதறும். சோற்றில் சொதியை விட்டுக் கொடுத்தால் தண்ணி முந்தி ஓடும், பருக்கை பிந்தி நிற்கும். கஞ்சியும் அப்படித்தான். எல்லாவற்றிலும் இலகு என்று நினைத்துக் கொடுக்கும் வெறுந்தண்ணீர்தான் பலருக்கு மிகக் கடினம், அது வேகமாக ஓடிவிடுவதால் தொண்டை மூட நேரம் கிடைப்பதில்லை. எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதைப் பேச்சுமொழிச் சிகிச்சையாளர் சோதித்துச் சொன்னபின் அதை மாற்றாதீர்கள்.

ஊட்டும்போது நேராக இருத்துங்கள், கட்டிலில் சாய்த்து வேண்டாம். தேக்கரண்டியில் அரைவாசி, நல்ல பக்கத்து வாயில். விழுங்கியதைக் கண்ணால் கண்டபிறகே அடுத்தது. ஊட்டுபவர் நின்றுகொண்டு கொடுத்தால் அவர் அண்ணாந்து வாங்குவார், அண்ணாந்தால் சுவாசக்குழாய் திறந்துகொள்ளும். ஆகவே நீங்களும் எதிரே இருங்கள். முடிந்ததும் பலவீனமான கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றித் துடைத்தால் ஒளிந்திருக்கும் சாப்பாடு வரும். 30 நிமிடம் படுக்கவிடாதீர்கள். இருமினால்தான் புரைக்கேறுகிறது என்றில்லை, சிலருக்கு இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கரகரத்தால் அதுவும் அடையாளம்.

நடையில் இரண்டு விஷயம் நினைவிருந்தால் போதும். ஊன்றுகோல் நல்ல கையில்தான், அதன் உயரம் தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு மட்டம். விறாந்தைப் படி ஏற நல்ல கால் முதலில், இறங்கப் பலவீனமான கால் முதலில். கிணற்றடியில் நின்று குளிக்க விடாதீர்கள். பாசி பிடித்த சீமெந்தில் கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் கதிரையும் வழுக்கும். சட்டை போட பலவீனமான கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது நல்ல கை முதலில். நேரம் எடுத்தாலும் அவரே போடட்டும். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் மூளை அந்த வேலையைத் திரும்பப் படிக்க வாய்ப்பே இல்லாமல் போகும்.

பேச்சு போனவர் புத்தி போனவர் அல்லர். அவருக்குக் கேட்கும்படி "இனி இவர் இப்பிடித்தான்" என்று சொல்லாதீர்கள், பெரும்பாலும் அது விளங்கும். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேள்வியைச் சின்னதாக்கி, பதிலுக்குக் காத்திருங்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். சாப்பாட்டையும் பயிற்சியையும் வெறுத்து முகத்தைத் திருப்புவதைப் பிடிவாதம் என்று ஏசவேண்டாம், அதற்கு மருந்து உண்டு.

பிரஷர் சரியாகிவிட்டது என்று குளிசையை நிறுத்துபவர்கள் ஏராளம். குளிசை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. அயலவருக்குக் கொடுத்த அஸ்பிரினை வாங்கிப் போடுவது இன்னும் மோசம். மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் வந்த பாரிசவாதத்துக்குக் கொடுப்பது, மூளையில் இரத்தக்கசிவால் வந்ததற்குப் பாதகமாகலாம். சித்த வைத்தியம் பார்ப்பதென்றால் இரு பக்க வைத்தியர்களிடமும் சொல்லிவிட்டுப் பாருங்கள், கிளினிக் கொப்பியை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், அப்பளம் நான்கையும் குறையுங்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாக் கறியிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள்.

வாய் திடீரென்று கோணினால், கை சோர்ந்து விழுந்தால், பேச்சு குழறினால் இலங்கையில் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணித்தியாலத்துக்குள் போடவேண்டியது. ஆகவே அவர் கடைசியாக நல்லாயிருந்ததைக் கண்ட நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரோ கோப்பியோ குளிசையோ வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.