டியூப்லெஸ் எம்டிபி டயருக்கு எத்தனை பிஎஸ்ஐ? உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி

மலைச் சைக்கிளில் (எம்டிபி) உள் டியூப் இல்லாத டயருக்கு, அதாவது டியூப்லெஸ்ஸுக்கு மாறிய பிறகும் 35, 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று கல் மாதிரி காற்றடித்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். முள் குத்தினால் டயருக்குள் ஊற்றிய சீலண்ட் திரவம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அதற்குத்தானே மாறினோம் என்பார்கள். பஞ்சர் தொல்லை குறைவது உண்மைதான். ஆனால் பெரிய லாபம் அதுவல்ல, காற்றைத் தாராளமாக இறக்க முடிவதுதான். டியூப் இருந்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அது நசுங்கி ஓட்டையாகும். டியூபே இல்லையென்றால் 20-களின் தொடக்கம் வரை இறங்கலாம். அந்த அளவில் டயர் கல்லின் மேல் எகிறாமல் அதன்மேல் படிந்து போகும். கரடுமுரடான பாதையில் பிடிமானத்தோடு வேகமும் கூடும்.

எத்தனை இறக்குவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பொதுவான விடை இல்லை. உங்கள் எடை, உங்கள் டயர், நீங்கள் ஓட்டும் தரை மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கிற எண் அது.

1. முதலில் ஒரு நல்ல கேஜ்

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். தடித்த டயர் 18-லும் கெட்டியாகத் தெரியும். 160 வரை காட்டும் ஃப்ளோர் பம்ப் முள்ளையும் இந்த அளவில் நம்ப முடியாது, 20-க்கும் 24-க்கும் நடுவே அது மயிரிழைதான் நகரும். குறைந்த பிரஷருக்கென்றே வரும் டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது காட்டுவது துல்லியமா என்பதைவிட, எப்போதும் அதே கேஜில் பார்ப்பது முக்கியம். நண்பரின் கேஜில் 22 என்பது உங்கள் கேஜில் 24 ஆக இருக்கலாம்.

2. தொடக்க எண்

ரைடர்களிடையே பழகிவிட்ட ஒரு கணக்கு உண்டு. உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து 3.2-ஆல் வகுங்கள். வருவதில் 1 கழித்தால் முன் டயர், 2 கூட்டினால் பின் டயர். 70 கிலோ என்றால் 22 வரும். முன்னால் 21, பின்னால் 24. தண்ணீர்ப் பை, டூல், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு எடை பாருங்கள். பின் சக்கரம்தான் அதிக எடை சுமக்கிறது, கல்லிலும் அதுதான் அடி வாங்குகிறது. அதனால்தான் அதற்கு இரண்டு, மூன்று கூடுதல்.

இந்தக் கணக்கு 2.3, 2.4 அங்குல டயருக்குப் பொருந்தும். 2.1, 2.2 போட்டிருந்தால் இரண்டு கூட்டுங்கள். 2.6 என்றால் இரண்டு குறையுங்கள். பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலில் பின்னால் இன்னும் ஒன்று கூட்டலாம். எடை குறைந்த எக்ஸ்சி (கிராஸ் கன்ட்ரி) டயரின் பக்கச் சுவர் மெல்லியது, அதற்கும் ஒன்று, இரண்டு கூட்டுங்கள். டயரிலும் ரிம்மிலும் அதிகபட்சப் பிரஷர் குறிப்பிட்டிருப்பார்கள். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது, டயரின் ஓர விளிம்பை (பீட்) ரிம்மில் உட்கார வைக்கும்போதும்கூட.

3. பாதையில் இறக்கிப் பார்ப்பது

உண்மையான வேலை இங்கேதான். ஐந்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடிய ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேகமாகச் சாயும் ஒரு வளைவு, கொஞ்சம் கல், உதிரி மண்ணில் ஒரு ஏற்றம் மூன்றும் இருக்க வேண்டும். சஸ்பென்ஷனை அன்று தொடாதீர்கள். இரண்டையும் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று புரியாது.

தொடக்க எண்ணில் ஒரு சுற்று. பிறகு முன் டயரில் மட்டும் ஒரு பிஎஸ்ஐ இறக்கி இன்னொரு சுற்று. ஒன்றுதானே என்று தோன்றும். 21-ல் ஒன்று என்பது ஏறக்குறைய ஐந்து சதவீதம், கையில் நன்றாகவே தெரியும். கைப்பிடி அதிர்வது குறையும், வளைவில் சக்கரம் கோட்டை விடாமல் போகும். இப்படியே ஒவ்வொன்றாக இறக்குங்கள். வளைவில் சாயும்போது டயர் ரிம்முக்கு அடியில் நெளிவது போல இருந்தாலோ, ஹேண்டிலைத் திருப்பிச் சற்றுத் தாமதித்தே வண்டி திரும்பினாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஒன்று அல்லது ஒன்றரை ஏற்றுங்கள். அதுதான் உங்கள் முன் எண்.

பின் டயரையும் இப்படியே இறக்கி, காது கொடுத்துக் கேளுங்கள். கல்லில் இறங்கும்போது 'டங்' என்று ரிம் அடி வாங்கும் சத்தம் கேட்டால் உடனே இரண்டு ஏற்றுங்கள். அலுமினிய ரிம் நெளியும், கார்பன் ரிம் விரிசல் விடும், டயரே வெட்டுப்படவும் கூடும். வளைவில் 'புஸ்' என்று காற்று கசிந்து ரிம் ஓரத்தில் சீலண்ட் தெறித்திருந்தால் அதுவும் போதாத காற்றின் அடையாளம். மாறாக, ஏற்றத்தில் பின் சக்கரம் சும்மா சுழன்றாலோ, பிரேக் பிடித்ததும் வழுக்கினாலோ இன்னும் இறக்க இடமிருக்கிறது.

முன்னால் எதற்கு, பின்னால் எதற்கு முன்னுரிமை என்று கேட்டால், முன்னால் பிடிமானத்துக்கு, பின்னால் ரிம்முக்கு என்பேன். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

கிடைத்த இரண்டு எண்களையும் டயர் பெயரோடு போனில் குறித்து வையுங்கள்.

4. மழை, வெயில், மலை

ஈரமான வேர், வழுக்கும் கல் என்றால் ஒன்று, இரண்டு குறைக்கலாம். கூரான கல் நிறைந்த வேகமான இறக்கம் என்றால் கூட்டுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கோவையில் காற்றடித்துவிட்டு ஊட்டிக்கு ஏறினால், சுமார் 1,800 மீட்டர் உயரம் கூடி வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மட்டும் கேஜ் ஏறக்குறைய மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மேலே இருக்கும் குளிர் அதில் ஒன்று, இரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மிச்சம் எவ்வளவு என்று கீழே இருந்தபடி ஊகிக்க முடியாது. ஓட்டத் தொடங்கும் இடத்தில், டயர் நிழலில் ஆறிய பிறகு அளந்து சரிசெய்யுங்கள். கார் மேல் வெயிலில் காய்ந்து வந்த டயரை உடனே அளந்தால் பத்து டிகிரி சூட்டுக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் ஏமாற்றும்.

5. சீலண்ட்

எண் சரியாக இருந்தும் வாரத்துக்கு வாரம் காற்று அதிகமாக இறங்கினால் சீலண்ட் காய்ந்திருக்கலாம். நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சளக் சளக் என்று கேட்கவில்லை என்றால் வால்வின் உள்பகுதியை (வால்வ் கோர்) கழற்றி அதன் வழியே சீலண்டை ஊற்றுங்கள். முழுதாகக் காய்ந்த 29 அங்குல எம்டிபி டயருக்கு சுமார் 100 மில்லி தேவைப்படும். ஊற்றியபின் சக்கரத்தை எல்லாப் பக்கமும் சுழற்றிவிட்டு, குறித்து வைத்த எண்ணுக்குக் காற்றடித்துக்கொள்ளுங்கள்.